தூணடித் திண்டு

டீக்கடைக்காரிக்கு உட்காருவதற்கென்று அந்த ரயில் நிலையத்தில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. ஒன்றாம் நடைமேடையில், அவளுடைய கடைக்குள்ளேயே, இரும்புத் தூணின் அடியில் பூசிவைத்திருந்த ஒரு சிமெண்ட் திண்டு. முழங்கால் உயரம். அகலம் என்று பார்த்தால் முக்கால் உடம்பு கொள்ளும், மிச்சம் அந்தரத்தில் நிற்கும். ஒரு வண்டி போய் அடுத்த வண்டி வருவதற்குள் அதில் உட்கார்ந்து, முதுகைத் தூணில் சாய்த்து, கண்ணைத் திறந்தபடியே ஒரு தூக்கம் போட்டுவிடுவாள். பால் பொங்கும் வாசனை வந்தால் கை தானாக அடுப்பை அணைக்கும். அதற்குள் கால் வலி ஒரு பங்கு குறைந்திருக்கும். அது போதும் அவளுக்கு.

அந்தத் திண்டுக்குக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. அவள் மூத்த பெண்ணை வயிற்றில் சுமந்துகொண்டு கடையில் நின்றிருந்த காலத்தில்தான் மாமனார் அதைக் கட்டினார். அன்றைக்குக் கடை அவர் கையில் இருந்தது. அதற்குப் பிறகு புருஷன் பெண்டாட்டிக்குள் எந்தச் சண்டை வந்தாலும் புருஷன் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பான். "உனக்கு என்ன குறை வெச்சோம்? நீ நிக்கக் கூடாதுன்னு எங்கப்பா மேடை கட்டிக் குடுத்தாரு. எந்த மாமனார் செய்வாரு?" அதற்கு மேல் அவளால் ஒன்றும் பேச முடியாது. பேசினால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவாள்.

கதைக்கு வேண்டியது என்பதால் நிலையத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரன் கட்டியது. ரோட்டில் நின்று பார்த்தால் அரண்மனை. செங்கல்லுக்கு நடுவே வெள்ளைக் கல் வரிவரியாக ஓடும். நடுவில் மணிக்கூண்டு, இரண்டு பக்கமும் வளைவு வளைவாகத் தாழ்வாரம். குதிரை வண்டியில் வந்து இறங்கும் துரைமாருக்குப் பெரிய வாசல் ஒன்று. மூட்டை முடிச்சோடு நடந்து வருகிற ஜனங்களுக்குப் பக்கவாட்டில் சின்ன வாசல் ஒன்று. அந்தச் சின்ன வாசலில் இப்போது சைக்கிள்கள் நிற்கின்றன. பெரிய வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அரண்மனை முடிந்து பட்டறை தொடங்கிவிடும். தலைக்கு மேலே மடிப்பு மடிப்பாகத் தகரக் கூரை, அதைத் தாங்க வரிசையாக வார்ப்பிரும்புத் தூண்கள், ஒவ்வொரு தூணின் உச்சியிலும் இரும்பிலேயே இலையும் பூவும். எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள் என்பார்கள். தூணின் இடுப்பில் வார்த்தவனின் பெயர் ஆங்கிலத்தில் புடைத்துக்கொண்டு நிற்கும். டீக்கடைக்காரிக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் முதுகுக்கு அந்த எழுத்துகள் மனப்பாடம். சேலையைத் தாண்டி அழுந்தும்.

நிலையத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டதாம், அதனால் பழைய அழகுக்கே கொண்டுபோகப் போகிறார்களாம் என்று சாரம் கட்டினார்கள். தூண்களைச் சுரண்டினார்கள். சாம்பல் நிறத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே பழுப்பு, அதற்கும் கீழே காய்ந்த ரத்தம் மாதிரி ஒரு சிவப்பு.

போர்ட்டர் ஒருவன் உண்டு. ஆள் குள்ளம், எல்லோரும் அவனை அரைடிக்கெட் என்பார்கள். அவன் டீயைக் குடித்துக்கொண்டே தூணை அண்ணாந்து பார்த்தான். "எத்தனை சட்டை போட்டிருக்கு பாருக்கா. எனக்கு இருக்கிறது இந்த ஒரு சிவப்புச் சட்டை."

"அதையாவது துவைச்சுப் போடு," என்றாள் அவள்.

இந்தச் சுரண்டலில்தான் வினை வந்தது. வேலையை மேற்பார்வை பார்த்த ஓவர்சியர் ஒல்லியான மனிதர். கையில் சின்னச் சுத்தியல் வைத்துக்கொண்டு, டாக்டர் நெஞ்சைத் தட்டுகிற மாதிரி ஒவ்வொரு தூணையும் தட்டிக்கொண்டே வருவார். டீக்கடைத் தூணுக்கு வந்ததும் குந்தி உட்கார்ந்தார். அடியில் பெயிண்ட் இருந்த இடத்தில் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. தூண் தரையில் பொருந்தும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல், அதிலிருந்து பழுப்பாக நீர் கசிந்து கடையின் மரப்பலகைக்கு அடியில் ஓடியிருந்தது.

"ஏம்மா, கிளாஸ் எங்க கழுவுற?"

அவள் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த பேசினைக் காட்டினாள்.

"தினம் தினம் கழுவுன தண்ணி. இரும்பு அரிச்சுப் போச்சு. இந்தத் தூண் சாஞ்சா மேல இருக்கிற கூரை மொத்தமும் வந்துடும், தெரியுமா? அடுத்த வாரம் பெரிய இன்ஜினியர் பார்வைக்கு வர்றாரு. அதுக்குள்ள கடையை எடுக்கணும்னுதான் நான் சொல்ல வேண்டி வரும்."

"எடுத்துட்டு எங்க சார் போறது?"

"அதை என்கிட்ட கேட்டா?" அவர் எழுந்தபோது முழங்கால் முறுக்கிச் சத்தம் போட்டது. அவரும் களைத்துப்போன மனிதர்தான். மேலே இருப்பவர்கள் ஒரு பக்கம் விரட்ட, கான்டிராக்டர் இன்னொரு பக்கம் ஏய்க்க, நடுவில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "நான் ஒண்ணும் வேணும்னு சொல்லலம்மா. ஈரம் கண்ணுக்கு நேரா தெரியுது. என்னை என்ன பண்ணச் சொல்ற?"

கடை போனால் என்ன ஆகும் என்று அவள் கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையே இல்லை. புருஷன் ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு வண்டி வண்டியாக ஏறி இறங்கி விற்கிறான். அந்த ஃபிளாஸ்க் நிரம்புவது இந்தக் கடையில். வீட்டில் கட்டிலோடு கிடக்கும் மாமனாரின் மாத்திரை, இளையவனின் படிப்பு, எல்லாம் இந்த அடுப்பின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பவை.

அன்றிலிருந்து கடையில் கிளாஸ் கழுவுவதை நிறுத்தினாள். தண்ணீர் நம்மால் வரவில்லை என்று காட்டிவிட்டால் போதும் என்று நினைத்தாள். எச்சில் கிளாஸ்களை வாளியில் அடுக்கி, நடைமேடையின் கடைக்கோடியில் இருந்த குழாய்க்குத் தூக்கிப் போய்க் கழுவிக் கொண்டுவந்தாள். ஒன்றாம் நடைமேடை ஆதியில் சின்னதாகத்தான் இருந்ததாம். வண்டிகள் நீள நீள அதையும் இழுத்து இழுத்து நீட்டிவிட்டார்கள். நீட்டியவர்களை அவள் வாளியோடு நடந்த ஒவ்வொரு நடைக்கும் திட்டினாள். திண்டில் உட்காரக் கிடைத்த கொஞ்ச நேரமும் அந்த நடையிலேயே போயிற்று. ராத்திரி வீட்டுக்குப் போனால் கணுக்கால் இருந்த இடத்தில் வீக்கம்தான் இருக்கும்.

இவ்வளவு செய்தும் தூணடி காயவில்லை.

ஓவர்சியர் வந்து விரலால் தொட்டுப் பார்த்தார். விரலை அவளுக்கு நீட்டிக் காட்டினார். பழுப்பு ஈரம்.

"சத்தியமா இங்க கழுவல சார்."

"நான் போன பிறகு கழுவுறியோ என்னவோ."

அரைடிக்கெட் நடுவில் புகுந்தான். "சார், அக்கா வாளி தூக்கிட்டு நடக்கிறதைப் பார்த்துட்டு நேத்து ஒரு பெரியம்மா என்கிட்ட கேக்குது, ஏம்ப்பா, இந்தப் போர்ட்டரம்மா எவ்வளவு கேப்பாங்கன்னு. என் பொழப்பே போயிடும் போல. நான் சாட்சி சார்."

"நீ கடன் சொல்லி டீ குடிக்கிற ஆளு. உன் சாட்சி செல்லாது," என்று சொல்லிவிட்டு ஓவர்சியர் போனார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானத்தில் வானம் திடீரென்று இருட்டி மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்தின் முதல் மழை. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் அறிவிப்புக் குரல் யாருக்கும் கேட்கவில்லை. எப்போதும் போலக் கடைக்கு முன்னால் கூரை ஒழுக ஆரம்பித்தது. அந்த ஒழுகல் ரொம்ப வருஷமாக இருக்கிறது. எத்தனையோ முறை மேலே ஏறித் தார் பூசினார்கள். அடுத்த மழைக்கே மறுபடி ஒழுகும். சாரத்திலிருந்து இறங்கி ஓடிவந்த ஓவர்சியர் கடையின் கூரைக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். அவள் கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தாள். மழையில் ஒதுங்கியவரிடம் என்ன பகை.

மழை நேரத்தில் டீக்குக் கூட்டம் மொய்க்கும், திண்டில் உட்கார அவளுக்கு வாய்த்ததே இல்லை. அன்றைக்கு மத்தியானம், கூட்டமில்லை; திண்டில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்தாள். சாய்த்தவள் நிமிர்ந்தாள்.

"சார், இந்தத் தூணு பேசுது."

"என்னது?"

"உள்ள களகளன்னு சத்தம். காதை வெச்சுப் பாருங்க."

அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு வெளிப்பக்கத்திலிருந்து தூணில் காதை ஒட்டினார். முகத்தில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. "தண்ணி இறங்குது. எல்லாத் தூணும் குழாய்தான்மா. உள்ள கூடு. கூரையும் கூரையும் சேர்ற பள்ளத்துல விழற மழை, தூணுக்குள்ள இறங்கி, அடியில இருக்கிற வாய் வழியா நடைமேடைக்குக் கீழ சாக்கடைக்குப் போயிடும். தண்ணிக் குழாய் கண்ணுல படறது அசிங்கம்னு, வடிகாலுக்குத் தூண் வேஷம் போட்டு, தலையில பூவையும் வெச்சு நிறுத்திட்டுப் போயிருக்கான் வெள்ளைக்காரன்."

பேசிக்கொண்டே வந்தவர் நின்றார். பக்கத்துத் தூணைப் பார்த்தார். அதன் அடியில், தரையை ஒட்டி, குழந்தையின் தலை அளவுக்கு ஒரு வளைந்த ஓட்டை. அதன் வழியாக மழைத் தண்ணீர் குபுகுபுவென்று தரைக் கால்வாயில் விழுந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த தூணிலும் அப்படியே.

"ஆமா, உன் தூணுக்கு வாய் எங்க?"

அவர் குனிந்து பார்த்தார். வெளியிலிருந்து பார்த்தால் கடையின் பலகை மறைத்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் சர்க்கரை மூட்டையும் பால் கேனும் மறைத்தன. மீதியை அவளே மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இது ஒண்ணுக்கு மட்டும் வாய் வைக்காம விட்டானா?" என்று தனக்குத்தானே முனகினார். அதற்குள் சாரத்தின் பலகை ஒன்று காற்றில் சரிந்துவிட்டதாகக் கூச்சல் வந்தது. "ஒரு டீயை நிம்மதியா குடிக்க விடமாட்டானுங்க," என்று அவர் மழைக்குள் ஓடினார்.

டீக்கடைக்காரி திண்டிலிருந்து எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அடியில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும் போலிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நேராக மாமனாரின் கட்டிலுக்குப் போனாள். அவருக்குக் காது மந்தம். ஆனால் தனக்கு வேண்டியது மட்டும் தெளிவாகக் கேட்கும்.

"மாமா, கடையில அந்தத் திண்டு எதுக்குக் கட்டினீங்க?"

"எந்த வண்டு?"

"திண்டு மாமா! தூணுக்கு அடியில! நான் உக்கார்றது!"

"ஓ, அதுவா." அவர் முகத்தில் பழைய வேலைக்காரனின் பெருமை வந்தது. "அங்க ஒரு ஓட்டை இருந்துச்சு. மழை பேஞ்சா தண்ணி பீச்சிட்டு வந்து சர்க்கரை மூட்டை எல்லாம் பாகாப் போயிடும். ஒரு தடவை ரெண்டு மூட்டை போச்சு. கல்லு, செங்கல்லு, கோணி எல்லாத்தையும் திணிச்சு மேல கெட்டியா ஒரு பூசு பூசினேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு கீறல் விழுந்திருக்கா சொல்லு?"

"அப்போ எனக்காகக் கட்டலையா?"

"உனக்கு எதுக்கு ஓட்டை?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் ஃபிளாஸ்க்கின் மூடியை ரொம்ப அக்கறையாகத் துடைத்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷச் சண்டையில் அவன் தூக்கிப் பிடித்த துருப்புச் சீட்டு அங்கே கட்டிலில் பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது. அவளுக்குக் கோபம் வரவேண்டும். வந்தது சிரிப்பு. அதையும் முழுசாகச் சிரிக்கத் தெம்பில்லை.

"சிரிக்காத," என்றான் அவன். "விஷயம் புரியுதா உனக்கு? தண்ணி போற வழியை அடைச்சது நாமதான். கூரை ஒழுகினது, தூண் அரிச்சது எல்லாம் நம்ம தலையில விழும். கழுவுற தண்ணின்னு சொன்னா கடையோட போச்சு. இது தெரிஞ்சா கேஸ் போடுவான். வாயைத் திறக்காத."

"திறக்கலைன்னா கடை இருக்குமா?"

"பெரிய இன்ஜினியர் வந்தா கையைக் காலைப் பிடிப்போம்."

"யாரு பிடிக்கிறது? நீங்க வண்டியில இருப்பீங்க. நான்தானே பிடிக்கணும்?"

மாமனார் கட்டிலிலிருந்து, "பூச்சு நல்லாத்தானே இருக்கு?" என்று மறுபடி கேட்டார். "நல்லா இருக்கு மாமா, நீங்க தூங்குங்க," என்றாள்.

படுத்த பிறகும் காதுக்குள் அந்தக் களகள சத்தம் கேட்டது. அவள் முதுகு சாய்ந்த உயரத்துக்கும் மேலே, இத்தனை வருஷ மழையும் போக வழியில்லாமல் நின்றுகொண்டிருந்திருக்கிறது. அவளை மாதிரியே. அதற்குக் கசியத்தான் முடிந்திருக்கிறது.

மறுநாள் காலை கூட்டம் ஓய்ந்ததும் எச்சில் கிளாஸ் வாளியைத் தூக்கினாள். குழாய் வரைக்கும் நீண்டு கிடந்த நடைமேடையைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். நியாயம், உண்மை என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. அந்தத் தூரத்தை இனி ஒரு தடவைகூட நடக்க முடியாது என்று கால் சொல்லிவிட்டது. அவ்வளவுதான்.

"டேய் அரைடிக்கெட், சாரத்துக்காரங்க கிட்ட ஒரு கடப்பாரை வாங்கிட்டு வா."

"எதுக்குக்கா?"

"உன் கடனை வசூல் பண்ண."

அவன் போய் வாங்கி வந்தான். சர்க்கரை மூட்டையையும் பால் கேனையும் வெளியே இழுத்துப் போட்டார்கள். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுத்துப்போயிருந்த அந்தத் திண்டின் நடுவில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். கடப்பாரை துள்ளித் திரும்பியது. மாமனார் சும்மா பெருமைப்படவில்லை.

"குடுக்கா, நான் இடிக்கிறேன்."

"நீ தள்ளி நில்லு. நான் உக்காந்ததை நானே இடிச்சுக்கிறேன்."

குத்தக் குத்த மூலை ஒன்று பெயர்ந்தது. பிறகு செங்கல். பிறகு மக்கிப்போன கோணி, இழுக்க இழுக்க வந்தது. அதன் பின்னால் கரிய சேறும் புறாச் சிறகுமாக ஓர் அடைப்பு. கடைசிக் கல்லை நெம்பியபோது ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. தூணுக்குள் எங்கேயோ யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் தண்ணீர் பாய்ந்தது. பழுப்பும் கறுப்புமாக, துருவும் நாற்றமுமாக, அவள் முழங்காலில் அடித்து, அடுப்பை அணைத்து, பிஸ்கட் டின்னை மிதக்கவிட்டு, கடையைத் தாண்டி நடைமேடையில் வழிந்தது. வண்டிக்குக் காத்திருந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலறினார்கள்.

"ஐயோ, குழாய் வெடிச்சிடுச்சு!"

"குழாய் இல்லைங்க, தூணு," என்றான் அரைடிக்கெட், ஏதோ தான் பிரசவம் பார்த்த மாதிரி.

ஓவர்சியர் ஓடி வந்தார். தண்ணீர் வடிந்து மெலிந்து நூலாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, உடைந்த சிமெண்ட் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தார்.

"இது வெள்ளைக்காரன் பூசின மாதிரி தெரியலையே."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு கடப்பாரையில் சாய்ந்து நின்றாள். "எங்க மாமனார் பூசினது சார். சர்க்கரை நனையுதுன்னு."

"கெட்டியாத்தான் பூசியிருக்காரு. எங்க கான்டிராக்டர் இப்படிப் பூச மாட்டான்." துண்டைக் கீழே போட்டார். சுத்தியலால் தூணை அடியில் தட்டினார். மேலே தட்டினார். இரண்டு இடத்திலும் இப்போது ஒரே மாதிரி ஒலித்தது. விரிசலில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "ஆழமா இறங்கல. பட்டை போட்டு இறுக்கிடலாம்." கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். "கூரை ஒழுகல்னு தார் பூசிப் பூசி எத்தனை பேரு செத்தோம் தெரியுமா உன் மாமனாரால?"

"கேஸ் போடுவாங்களா சார்?"

"யாரு போடுறது? போட்டா நான்தான் உக்காந்து எழுதணும். எனக்குத் தெம்பில்லம்மா." எழுந்தார், முழங்கால் மறுபடி சத்தம் போட்டது. "அடைப்பு இருந்துச்சு, எடுத்தாச்சு. பெரிய இன்ஜினியர் கேட்டா அவ்வளவுதான் சொல்வேன். ஆனா ஒண்ணு. இந்த வாய் இனி மூடவே கூடாது. கால்வாய் வரைக்கும் தண்ணி ஓட வழி விடணும். அதனால தூணுக்கு இந்தப் பக்கம் இருக்கிற பலகை எல்லாத்தையும் எடுத்துட்டு, கடையைச் சுருக்கிக்க. முடியுமா?"

சுருக்கினால் என்ன மிஞ்சும் என்று அவள் பார்த்தாள். அடுப்பு, பேசின், ஓர் ஆள் நிற்கும் இடம். ஒரு முக்காலி போடக்கூட இடமில்லை.

"முடியும் சார்," என்றாள்.

பெரிய இன்ஜினியர் வந்தார், மணிக்கூண்டைப் படம் எடுத்துக்கொண்டார், போனார். தூணைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அதன் அடியில் இரும்புப் பட்டை ஒன்று இறுக்கிச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். கடை அலமாரி மாதிரி ஒடுங்கிப் போயிற்று. பேசினில் கிளாஸ் கழுவலாம், அந்தத் தண்ணீரும் கால்வாய்க்கே போனது. புருஷன் ஃபிளாஸ்க் நிரப்ப வரும்போது பக்கவாட்டாகத்தான் நிற்க வேண்டியிருந்தது. சண்டையும் குறைந்துபோயிற்று. பேச்சை முடித்துவைக்க அவனிடம் ஒன்றும் இல்லை.

அடுத்த மழைக்குக் கடைக்கு முன்னால் கூரை ஒழுகவில்லை. ஒரு வண்டி போய் அடுத்தது வராத நேரம். அவள் பழக்கத்தில் பின்னால் நகர்ந்து, உட்காரப் போய், ஒன்றும் இல்லாமல் தடுமாறிப் பேசினைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, சீட் இல்லை. வெயிட்டிங் லிஸ்ட்," என்றான் அரைடிக்கெட்.

"டீக்குக் காசு குடுத்துட்டுப் பேசு."

அவள் நின்றபடியே தூணில் முதுகைச் சாய்த்தாள். புடைத்த எழுத்துகள் அதே இடத்தில் அழுந்தின. அதற்குப் பின்னால், தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் சில்லென்று தண்ணீர் இறங்கி ஓடியது. காலுக்குப் பக்கத்தில் வெளியே வந்து, கால்வாயில் விழுந்து போய்க்கொண்டே இருந்தது. கால் வலித்தது. அடுத்த வண்டிக்கு அறிவிப்பு வந்தது. அவள் முதுகை எடுத்துக்கொண்டு பாலை அடுப்பில் வைத்தாள்.